நைலான் கயித்த மொதல்ல அவுருங்க

கேள்வி: அண்ணே, மண்டபம் பக்கம் எங்க வீடு, கடலுக்கு கூப்பிடு தூரம். மூணு வருசத்துக்கு முன்னாடி கேட்டுகிட்ட அழகுக்குன்னு வச்ச புன்னை இப்ப ஆள் ஒசரம் தாண்டிருச்சு. ஆனா வடகிழக்கா சாஞ்சே நிக்குது, நட்ட அன்னைக்கே மூங்கில் ஊனி நைலான் வலைக்கயித்தால இறுக்கிக் கட்டியும் நிமிரல. நுனியில வேற ரெண்டு கொம்பு போட்டி போட்டு வளருது. உச்சிய வெட்டிவிடு, குடை மாதிரி விரியும்ங்கிறார் எங்க மாமா. அடிக்கொப்பையும் கழிச்சு விடவா?

பதில்: தங்கச்சி, அரிவாள கீழ வச்சிட்டு மொதல்ல அந்தக் கயித்த அவுருங்க. கட்டுன எடத்த வெரலால தடவிப் பாருங்க, பள்ளம் விழுந்து அதுக்கு மேல தண்டு புடைச்சிருந்தா கயிறு பட்டைய கடிச்சிருச்சுன்னு அர்த்தம். எலையில செய்யுற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு எறங்கணும், அத நாமளே கழுத்த நெரிச்சு நிறுத்திடுறோம். இத ஊருக்கு சொல்ற நானே என் வீட்டு பூவரச இப்படி கட்டிட்டு மறந்து போனேன், ஆடிக் காத்துல சரியா கட்டு இருந்த எடத்துல கரும்பு மாதிரி ஒடிஞ்சு கெடந்துச்சு. கயிறு உள்ள புதைஞ்சிருந்தா பிளேடால அறுத்து வர்றத மட்டும் எடுங்க, நோண்டாதீங்க.

சாய்வு பெரிய குத்தமில்ல, வருசத்துல பாதி நாள் தென்மேக்குலருந்து கச்சான் காத்து அடிக்கிற கரையில எந்த மரம் நட்டமா நிக்கும்? ஆடி ஆடித்தான் தண்டு தடிக்கும். தண்ட புடிச்சு அசைச்சா தூருல மண்ணும் சேந்து ஆடுதுன்னா மட்டும் ரெண்டு பக்கமும் கம்பு ஊனி, பழைய சைக்கிள் டியூப எட்டு போட்ட மாதிரி சுத்தி, ரெண்டு வெரல் நுழையுற தொளதொளப்புல, பாதி ஒசரத்துக்குக் கீழயே கட்டுங்க, ஒரு வருசத்துக்குள்ள எடுத்துருங்க.

மாமா பாத்தது நம்மூர் உடைமரமா இருக்கும், அது அதுபாட்டுக்கு குடையா விரியும். புன்னைய உச்சியில வெட்டுனா வெட்டுன எடத்துக்குக் கீழ கொத்தா துளிர் கிளம்பும், அதெல்லாம் ஒட்ட வச்ச மாதிரி புடிமானமில்லாம நின்னு பெருத்தப்புறம் காத்துல பிச்சுக்கும். மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்!

ரெண்டு கொம்புல நேரானத விட்டுட்டு மத்தத இந்த வருசம் பாதியா குறைங்க, அடுத்த வருசம் அடியோட எடுங்க. கவட்டை ரொம்ப ஒடுக்கமா இருந்தா நடுவுல பட்டை மாட்டிக்கிட்டு ரெண்டும் ஒட்டாமலே வளரும், பின்னால அங்கதான் பொளக்கும்.

அடிக்கொப்ப இப்ப கழிக்காதீங்க, தண்டுக்கு சோறும் நெழலும் அதுதான். கேட்டுல இடிச்சா நுனிய மட்டும் கிள்ளுங்க, தண்டு நல்லா தடிச்சப்புறம் வருசத்துக்கு ஒண்ணு ரெண்டா எடுக்கலாம். எப்பவுமே ஒரு வருசத்துல காவாசிக்கு மேல பச்சைய எடுக்கக்கூடாது. கொப்பு தண்டுல சேர்ற எடத்துல மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், அத விட்டுட்டு அதுக்கு வெளிப்பக்கமா ஒட்டி வெட்டுங்க, முளை மாதிரி துருத்திக்கிட்டும் விடாதீங்க. பால் வடிஞ்சு கத்தரி பிசுபிசுங்கும், தேங்காண்ணெய் தடவி துடைங்க. வெட்டுக்கு சாணி, பெயிண்ட் எதுவும் வேணாம், மரமே மூடிக்கும். மழை ஓஞ்சு தை மாசியில வெட்டுங்க.

உங்க போர் தண்ணி கரிக்குமே, அத தெனமும் ஒரு சொம்பு தெளிச்சா உப்பு மேல்மண்ணுலயே தங்கிரும். அதுக்குப் பதிலா வாரத்துக்கு ரெண்டு வாட்டி மூணு நாலு குடம் ஆழமா எறங்குற மாதிரி விடுங்க, ஐப்பசி மழையில பாத்திய ஒடைக்காம வச்சா மழைத்தண்ணி உப்ப கீழ தள்ளிரும். தூரு மண்ண மூடி வைக்கிற மூடாக்குக்கு பனையோலை போதும், கரையில ஒதுங்குற கடல்புல்ல போடுறதா இருந்தா நல்லதண்ணியில அலசிட்டு போடுங்க, தண்டுல ஒட்டாம ஒரு சாண் தள்ளி.

கேள்வி: ப்ளூமேரியா (ஈழத்தலரி) கொப்பு ஒடிச்சு நட்டா அழுகிப்போகுதே? (கீழக்கரை வாசகர்)

பதில்: பச்சையா நட்டுருப்பீங்க. நெழல்ல ஒரு வாரம் போட்டு பால் காஞ்சப்புறம் மணல்ல ஊனுங்க, எலை விடுற வரைக்கும் தண்ணி கொஞ்சமா போதும்.