கர்ப்ப கால சர்க்கரையும் நீர்ப் பயிற்சியும்: வாசகர் கேள்விகள்

சென்ற முறை கர்ப்ப கால சர்க்கரை பற்றி எழுதியபோது, தண்ணீரில் செய்யும் பயிற்சியும் நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. பதில்களுக்கு முன்னால் ஒன்று: நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, மிகை ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் குளத்துப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

ஐந்தாவது மாதம். எனக்கு நீந்தத் தெரியாது. நீர்ப் பயிற்சி செய்ய முடியுமா? (வாசகி, சேலம்)

நீந்த வேண்டியதே இல்லை. மார்பளவு தண்ணீரில் முன்னும் பின்னும் நடப்பது, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பக்கவாட்டில் வீசுவது, கைகளால் தண்ணீரைத் தள்ளுவது, இவ்வளவுதான். அந்த ஆழத்தில் உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். தண்ணீருக்குள் இதயத் துடிப்பு சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். தண்ணீரை விடக் குளத்தின் ஈரத்தரைதான் ஆபத்து, வழுக்காத செருப்பு போடுங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் இறங்காதீர்கள்.

எனக்கு சர்க்கரை 148. நீச்சல் குளத்துக்குப் போகலாமா? (பெயர், ஊர் இல்லை)

எப்போது எடுத்த 148? வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தா, குளுக்கோஸ் குடித்த பிறகா? எத்தனையாவது வாரம்? மருந்து எதுவும் எடுக்கிறீர்களா? இது எதுவும் எழுதாமல் ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140, இரண்டு மணி நேரத்தில் 120. இவற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணுடன் நேரத்தையும் எழுதி மீண்டும் அனுப்புங்கள்.

நடைப்பயிற்சியை விட நீர்ப் பயிற்சி சர்க்கரையை அதிகம் குறைக்குமா? (வாசகி, கோவை)

அப்படிச் சொல்ல மாட்டேன். வேலை செய்யும் தசை, இன்சுலினின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தத் தசை தண்ணீரில் இருக்கிறதா, மொட்டை மாடியில் நடக்கிறதா என்று சர்க்கரைக்குத் தெரியாது. முதுகு வலி, இடுப்பு வலி, கால் வீக்கம் என்று நடக்கவே முடியாதவர்களுக்குத்தான் குளம் பெரிய உதவி. தண்ணீரின் அழுத்தம் காலில் தேங்கிய நீரைத் திரும்ப ரத்தக் குழாய்க்குள் தள்ளுகிறது; வெளியே வந்ததும் சிறுநீர் அதிகம் போவது அதனால்தான். பயப்பட வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். பயிற்சி எது என்பதை விட எப்போது என்பதே முக்கியம். குளம் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறது என்றால் போய் வாருங்கள். ஆனால் மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் பிறகு பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளாவது நடந்தாக வேண்டும்.

இரண்டு வாரமாகக் குளத்துக்குப் போகிறேன். சாப்பிட்ட பிறகு 115, 120 என்று நன்றாக இருக்கிறது. வெறும் வயிற்றில் மட்டும் 105-க்குக் குறையவில்லை. இரவில் இன்சுலின் போடச் சொல்கிறார் மருத்துவர். பயிற்சியை இரண்டு மணி நேரமாக்கித் தப்பிக்க முடியாதா? (30 வாரம், மதுரை)

முடியாது. நேரத்தோடு எண்களை எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் "தப்பிக்க" என்கிறீர்களே, அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை தட்டிலிருந்து வருவது. அதை உணவும் பயிற்சியும் அடக்கும்; நீங்கள் அடக்கியும் காட்டிவிட்டீர்கள். விடியற்காலைச் சர்க்கரை அப்படியல்ல. நீங்கள் தூங்கும்போது உங்கள் கல்லீரல் தயாரித்து விடுவது அது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மதிக்க விடாமல் செய்வதால், கல்லீரலை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஏழாம், எட்டாம் மாதத்தில் இது இன்னும் கூடும். முந்தைய நாள் மாலை நீங்கள் குளத்தில் எவ்வளவு நேரம் ஊறினாலும் அந்தக் காலை எண் அதிகம் அசையாமல் போகலாம். அது உங்கள் சோம்பேறித்தனமும் இல்லை, உங்கள் தோல்வியும் இல்லை.

இனி வீட்டில் சொல்லும் கதைகள். "ஒரு முறை ஊசி போட்டால் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும்." பொய். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அன்றே ஊசி நின்றுவிடும். "ஊசி மருந்து குழந்தைக்குப் போய்விடும்." இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை, தாண்டிப் போவது உங்கள் சர்க்கரை. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்கும். குழந்தை கொழுத்து வளரும், பிரசவம் சிக்கலாகும், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்து போகும். மாத்திரை கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டும். மருத்துவர் எழுதினால் அதையும் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் ஊசிக்குப் பயந்து மாத்திரைக்கு ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஓடட்டும்.

உணவுக்கும் பயிற்சிக்கும் இரண்டு வார அவகாசம் தருவது நம் நாட்டு வழிகாட்டுதலிலேயே உள்ளது. அந்த அவகாசம் உங்களுக்கு முடிந்துவிட்டது. இன்றிரவே தொடங்குங்கள். குளத்தை விட வேண்டாம், அரை மணி நேரமே போதும்.

இன்சுலின் போடுகிறேன். குளத்தில் ஒரு நாள் கை நடுங்கியது. (வாசகி, திருச்சி)

உடனே கரையேறியிருக்க வேண்டும். இறங்கும் முன் ஒரு முறை பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் பொட்டலம் கரையில் இருக்க வேண்டும், காரில் அல்ல. ஈர விரலில் குத்தினால் ரத்தம் நீர்த்துத் தவறான எண் வரும், நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் இறங்காதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பயிற்சி முடிந்ததும் இளநீர் குடிக்கலாமா?

அதில் இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. பச்சைத் தண்ணீர் குடியுங்கள்.

குளோரின் குழந்தையைப் பாதிக்குமா? வெந்நீர்த் தொட்டி நல்லதா? (வாசகி, சென்னை)

ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்தில் குளோரினுக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வெந்நீர்த் தொட்டி கூடவே கூடாது. குளத்து நீரும் 32 டிகிரியைத் தாண்டாமல் இருக்கட்டும்.

நைட்டியோடு இறங்கலாமா? நீச்சலுடை போடக் கூச்சமாக இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பருத்தித் துணி நீரைக் குடித்துக் கனக்கும், காலைச் சுற்றும். முழங்கை, கணுக்கால் வரை மூடும் நைலான் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. வயிற்றுக்குத் தளர்வாகப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தைக்கு நான்கு மாதம். எனக்குச் சர்க்கரை போய்விட்டது. மீண்டும் நீர்ப் பயிற்சி தொடங்கலாமா? (வாசகி, வேலூர்)

தொடங்கலாம். ஆனால் போய்விட்டது என்று யார் சொன்னது? ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்களே, செய்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. இந்த வாரமே பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். இரண்டு மணி நேர எண் 140-க்குக் கீழே இருந்தால், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.