ஜெர்மனியில் ஒரு பெயிண்டர் எப்படி நாட்டின் கைத்தொழில்காரர்கள் அனைவருக்கும் குரலானார்?

ஹான்ஸ் பீட்டர் வோல்சைஃபரைப் பற்றிய கேள்வி இது. பெயிண்டிங் தொழிலில் ‘மைஸ்டர்’ பட்டம் (தேர்வெழுதிப் பெறும் உயர் தொழில் தகுதி) பெற்றவர். அங்கே கைத்தொழில் நடத்துபவர்கள் தங்கள் பகுதிக் கைத்தொழில் சபையில் சேர்ந்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. அதனால் சபைத் தலைவர் சொல்லுக்கு அரசிடம் மதிப்புண்டு. கொலோன் சபைத் தலைவராக இருந்த அவர், 2014 முதல் 2022 வரை கைத்தொழில்களின் தேசியக் கூட்டமைப்புக்கும் தலைமை வகித்தார்.

2004இல் டைல்ஸ் பதிப்பது உட்பட 53 தொழில்களில் மைஸ்டர் தேர்வு கட்டாயமில்லை என்றாக்கிவிட்டார்கள். முறையாகக் கற்காதவரும் தொழில் தொடங்கலாம் என்ற நிலை. 2020இல், அவர் தலைமைக் காலத்தில்தான், 12 தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் திரும்பியது. என் பார்வையில் அவருடைய காலத்தின் பெரிய வெற்றி இதுதான். அப்புறம், அவருக்குப்பின் வந்த யோர்க் டிட்ரிஷும் டிரெஸ்டனைச் சேர்ந்த கூரைவேலை மைஸ்டர்தான்.