மூச்சு வாங்கும்போது விரல்கள் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கும் எனக்கு வயது 36. சில மாதங்களாகத் திடீர் திடீரென மூச்சு வாங்குகிறது. விரல்களும் உதடும் மரத்துத் தலை சுற்றுகிறது. இ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக உள்ளன என்று கூறி, பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறார்கள். மூச்சுக்கு எதற்குப் பிசியோதெரபி? ஆச்சியோ, "நன்றாக இழுத்து மூச்சு விடு" என்கிறார்.

பதில்: பரிசோதனைகள் சரியாக இருப்பதால் உங்கள் வேதனை கற்பனையாகிவிடாது. நீங்கள் கூறும் அறிகுறிகள் 'ஹைப்பர்வென்டிலேஷன்' எனப்படும் மிகைச் சுவாசத்துக்குப் பொருந்துகின்றன. உடலின் தேவைக்கு மேல் மூச்சு விடும்போது, ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அயனி நிலையிலுள்ள கால்சியம் குறைவதால் விரல்கள் மரத்துப்போகின்றன. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. ஆக்சிஜனோ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே ஆச்சி அக்கறையோடு சொல்லும் யோசனை இங்கே பயன்படாது. இழுத்து விடும் ஒவ்வொரு மூச்சும் கரியமில வாயுவை இன்னும் குறைக்கும்.

மேல் மார்பையும் தோளையும் தூக்கி மூச்சு விடும் பழக்கத்தை மாற்றி, வேலையை, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்திடம் திருப்பித் தருவதுதான் பிசியோதெரபிஸ்ட் அளிக்கும் பயிற்சி. சாய்வு நாற்காலியில் தோள்களைத் தளர்த்திச் சாய்ந்து, ஒரு கையை மார்பிலும் மற்றதை வயிற்றிலும் வைத்து, வாயை மூடி, மூக்கு வழியாகச் சத்தமின்றிச் சிறிதளவே காற்றை உள்ளிழுங்கள்; வயிற்றின் மேலுள்ள கை மட்டும் உயர வேண்டும். அதைவிட நிதானமாக வெளியே விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் சற்றே பொறுங்கள். தொடக்கத்தில் காற்றுப் போதாததுபோல் தோன்றும். உடல் கரியமில வாயுவின் இயல்பான அளவுக்குப் பழகும்வரை அப்படித்தான் இருக்கும். அப்போது பெருமூச்சு விடாமல், எச்சிலை விழுங்கிச் சமாளியுங்கள். தினமும் இருவேளை பத்து நிமிடம் செய்து, பிறகு உட்கார்ந்தும், வளவில் நடந்தும், மாடிப்படி ஏறியும், பேசிக்கொண்டும் இதே மூச்சைப் பழக வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கபாலபாதி போன்ற வேகமான பிராணாயாமத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையும் வேண்டாம். மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆபத்து.

நீங்கள் குறிப்பிட்ட பரிசோதனைகளால் ஆஸ்துமாவை விலக்க முடியாது என்பதால், பயிற்சிக்கு முன், ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மார்பு வலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், பயிற்சியை முயன்று பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.