நான்கைந்து முறை வாசித்தும் மறந்துபோகிறதே?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே கணக்கியல் தேர்வுக்குப் படிக்கிறேன். இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று மணி நேரம் உட்காருவேன். ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை வாசிப்பேன். ஒரு வாரம் போனால் பாதிகூட நினைவில் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனால் அதோடு நின்றுவிடுகிறது. எனக்கு விடாமுயற்சியே கிடையாதா?

பதில்: மூன்றாவது முறையாகப் புத்தகத்தை எடுத்திருக்கிறீர்கள். விடாமுயற்சி இல்லாதவர் அதைச் செய்யமாட்டார். உங்களைச் சோர்வாக்குவது நீங்கள் படிக்கும் முறை. உழைத்தது கையில் நிற்கவில்லையென்றால் யாருக்குமே மனம் விட்டுப்போகும்.

திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தைத்தான் 'தெரிந்துவிட்டது' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொன்று ஓர் அமர்வில் மட்டும் வாசித்து, மற்ற மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61.

ஆகவே பாடத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். உதாரணமாக, பாடம் தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது) என்றால், எதற்காகக் கழிக்கிறோம், எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவு, ஓர் எண்ணைப் போட்டால் பதிவு எப்படி வரும் என்று. இரண்டாவது நிமிடத்திலேயே ஒன்றும் வராது. கை புத்தகத்தைத் தேடும். எடுக்காதீர்கள். தட்டுத்தடுமாறித் தேடுகிற அந்த நேரத்தில்தான் பாடம் பதிகிறது. பத்து நிமிடம் முடிந்ததும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டதையும் தப்பையும் சிவப்பு மையில் சேருங்கள். இந்தத் திருத்தத்தைத் தவிர்த்தால் தப்பும் மனதில் தங்கிவிடும்.

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் அதே பாடத்தைப் புதுத் தாளில் எழுதுங்கள். தாள்களில் தேதி போட்டு வையுங்கள். சிவப்பு மை குறைவது கண்ணுக்குத் தெரியும். மறுநாள் உட்கார வைப்பது அதுதான்.

மூன்று மணி நேரத்தை விடுங்கள். வேலை நாளில் நாற்பது நிமிடம் போதும். 'இரவு எட்டு மணிக்கு' என்பதைவிட, 'சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும்' என்று ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள்; மணி தவறும், சாப்பாடு தவறாது.

விட்டுப்போன நாளைப் பற்றி: லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை ஆனது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்களை நிறுத்துவது அந்த ஒரு நாள் அல்ல, மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்டப் பார்ப்பது. விட்ட மறுநாள் புதுப் பாடம் வேண்டாம். ஒரு பழைய பாடம், ஒரு வெற்றுத்தாள், பத்து நிமிடம். அவ்வளவோடு எழுந்துவிடுங்கள்.