சாக்லேட்ட விடுங்க, ரவுண்ட்ஸ விடாதீங்க

அன்புள்ள சார்,
என் பையன் ஒண்ணாங்கிளாஸ், இங்க ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல். இனிமே பர்த்டேக்கு சாக்லேட், கேக், திங்கற ஐட்டம் எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு க்ளாஸ் குரூப்ல போட்டுட்டாங்க. ஒரே அழுகை. 38 பிள்ளைங்களுக்கும் பேர் பிரிண்ட் பண்ண தண்ணி பாட்டில் குடுக்கலாம்னு விலை கேட்டு வச்சிருக்கேன். சாப்பாடு இல்லாம வேற என்னென்ன பண்ணலாம், ஒரு லிஸ்ட் குடுங்க. ஸ்கூல் பண்றது ஓவர் இல்லயா? கேக் வெட்றதே நம்ம பழக்கம் இல்லனு மாமனார் வேற சொல்றார்.
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

மாமனார் விஷயத்துல நான் தலையிடல, அது உங்க வீட்டு பஞ்சாயத்து. ஸ்கூல் பண்றது ஓவரான்னா, இல்ல. கொழுப்பு, உப்பு, சர்க்கரை ஜாஸ்தியான அயிட்டங்கள ஸ்கூலுக்குள்ளயும் கேட்லருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக்கூடாதுன்னு மத்திய அரசோட உணவுத் தர ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2020லயே ரூல் போட்டாச்சு, 2025ல சிபிஎஸ்இ வேற சர்க்கரை பத்தி போர்டு வைங்கன்னு எல்லா ஸ்கூலுக்கும் சொல்லிருச்சு, அந்த போர்டுக்கு கீழயே நின்னு டீச்சர் எப்படி சாக்லேட் டப்பாவ வாங்குவாங்க? வேர்க்கடலை ஒத்துக்காத பிள்ளை ஒண்ணு க்ளாஸ்ல இருந்தா அன்னிக்கு பூரா அவங்களுக்கு வயித்துல நெருப்பு. விடுங்க.

என் கோவம் பாட்டில் மேல. எங்க பக்கத்து வீட்டு பாப்பா யாரோ பர்த்டேக்கு குடுத்த ரிட்டர்ன் கிஃப்ட் பைய கொண்டு வந்து திண்ணைல கொட்டி, போன வாரம் வேற ஒருத்தன் குடுத்தத பக்கத்துல வச்சு எது பெருசுன்னு பாத்துட்டு இருந்துச்சு, அதுலருந்தே இது மனசுல ஓடிட்டு இருக்கு, அப்பதான் உங்க மெயில் வருது. ஒரு சாக்லேட் அன்னிக்கே வாயில கரைஞ்சு போயிரும்ங்க. உங்க பாட்டில் 38 வீட்டு ஷெல்ஃப்ல போய் உக்காரும், அடுத்த மாசம் பர்த்டே வர்ற பிள்ளையோட அம்மா அத தினமும் பாக்கணும். சர்க்கரைய நிறுத்துறேன்னு போட்டிய ஆரம்பிச்சு வைக்கிறீங்க.

அவன் எதுக்கு அழுறான்னு கேட்டீங்களா? சாக்லேட் போச்சேன்னு தான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

நான் படிச்சது சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல். பர்த்டேன்னா கலர் ட்ரெஸ், ஒரு எவர்சில்வர் டப்பா நெறைய ஆரஞ்சு மிட்டாய். பெரிய விஷயம் மிட்டாய் இல்ல. பக்கத்து க்ளாஸுக்கெல்லாம் குடுக்க ரவுண்ட்ஸ் போறப்போ கூட ஒருத்தன கூட்டிட்டு போலாம், அது யாருன்னு பர்த்டேக்காரன் தான் சொல்லணும், அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே க்ளாஸ்ல பேச்சுவார்த்தை நடக்கும், பென்சில் கை மாறும், சண்டை வரும், ‘என்ன கூட்டிட்டு போலன்னா ஒங்கூட காய்’ எல்லாம் உண்டு. என்ன ஒரு தடவ ஒருத்தன் கூப்டான், அவன்கூட நான் அதுக்கு முன்னாடி சரியா பேசினது கூட இல்ல. கணக்கு பீரியட்ல ரெண்டு பேரும் வெளிய வந்தோம். வராண்டா காலியா இருக்கும் பாருங்க, எல்லாரும் உள்ள வாய்ப்பாடு சொல்லிட்டு இருக்க நாம மட்டும் நடக்கறது, அந்த சுகம்! திட்டு வாங்க மட்டுமே போன ஸ்டாஃப் ரூமுக்குள்ள டப்பாவோட போனோம். என்னப் பாத்தாலே காத திருகற சார் ‘ரெண்டு எடுத்துக்கலாமாடே’ன்னு எங்ககிட்ட பெர்மிஷன் கேட்டார். அஞ்சாம் வகுப்பு அண்ணன்மாரெல்லாம் எழுந்து நின்னு பாடினாங்க. என் பர்த்டே இல்ல அது, ஆனாலும் எனக்கு நெஞ்சு விரிஞ்சுது. என் சொந்த பர்த்டே மே மாசம், முழாண்டு லீவு, அதுக்கு ஸ்கூல்ல ஒரு ஈ காக்கா இருக்காது. அதனால எனக்கு இருந்த ஒரே ரவுண்ட்ஸ் அவன் குடுத்தது தான்.

இதுல மிட்டாய எடுத்துருங்க. என்ன குறையுது? கலர் ட்ரெஸ் இருக்கு, ஃப்ரெண்ட் இருக்கான், வராண்டா இருக்கு. டப்பாக்கு பதிலா கைல ஒரு அட்டை, போற எடமெல்லாம் ஒரு கையெழுத்தோ கிறுக்கலோ வாங்கிட்டு வரட்டும். சாயங்காலம் லாங் பெல்ல அவன் அடிக்கட்டும், மிஸ்கிட்ட கேளுங்க, காசா பணமா.

மாண்டிசோரி ஸ்கூல் பர்த்டேல பாத்திருப்பீங்க, நடுவுல ஒரு மெழுகுவர்த்தி, அது சூரியன், பிள்ளை கைல ஒரு சின்ன பூமி உருண்டைய வச்சுகிட்டு எத்தன வயசோ அத்தன சுத்து வரும், ஒவ்வொரு சுத்துக்கும் அந்த வயசுல அது என்ன பண்ணிச்சுன்னு சொல்லுவாங்க. அதுவும் ரவுண்ட்ஸ் தான! பூமி ஒரு சுத்துக்கு ஓடற தூரம் சுமார் 94 கோடி கிலோமீட்டர், உங்க பையனுக்கு ஆறு முடியுதுன்னா 564 கோடி ஓடிருக்கான். இத சொல்லிப் பாருங்க, சாக்லேட்ட மறந்துருவான்.

லிஸ்ட் கேட்டீங்கல்ல. க்ளாஸ் லைப்ரரிக்கு புக்கு குடுக்கலாம், நல்லது தான், ஆனா அவன் படிச்சு அவனுக்கு புடிச்ச புக்கா இருக்கட்டும், நீங்க படிக்கணும்னு நெனச்சது வேண்டாம். மரக்கன்னு நடலாம், அடுத்த லீவுல தண்ணி ஊத்த ஆள் இருந்தா. ஸ்டேட்டஸ்ல போட போட்டோ எடுக்கறதுக்காக நடறதா இருந்தா அந்த செடி நர்சரிலயே இருக்கட்டும்.

பாட்டில் ஆர்டர் பண்ணாதீங்க. இன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட கேளுங்க, கூட யார கூட்டிட்டு போவன்னு. அவன் சொல்ற பேர் உங்க ஃப்ரெண்டோட பிள்ளையா இல்லாம, எதுக்கெடுத்தாலும் ‘அவன்கூட சேராத’ன்னு நீங்க சொல்ற அந்த ஒருத்தனா இருந்தா, வாய மூடிட்டு சரின்னு சொல்லுங்கம்மா. பையனுக்கு என் வாழ்த்து.