குட்டிக்கரணம் போடும் கார்: வாசகர் கேள்வி பதில்

கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்: நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள என் ரிமோட் டூரிங் கார் கூடைப்பந்துத் தளத்தில் வழுக்கி வழுக்கித்தான் ஓடும். போன மாதம் நண்பர்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் கார்ப்பெட் விரித்து ஓட்டினோம். வளைவுக்கு வளைவு கவிழ்ந்தது. இன்னும் மென்மையான ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா?

போடாதீர்கள் தம்பி, இன்னும் நன்றாகக் கவிழும்.

சிமென்ட் தரையில் டயருக்குப் பிடி போதாது என்று அலைகிறோம். கார்ப்பெட்டில் கதை தலைகீழ். ரப்பர் அந்த நாரைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. வண்டி போகிற வேகத்தில் மேல்பாகம் வெளிப்பக்கம் சாயும், கீழே டயர் நகராது. கடைசியில் வெளிப்பக்க முன் டயர் மடங்கி, அதன் ஓரச்சுவர் தரையில் ஊன்றிக்கொள்ள, வண்டி அதன் மேலேயே புரண்டு விடும். இதற்கு ட்ராக்‌ஷன் ரோல் என்று பெயர். வேட்டி தடுக்கி விழுவது போலத்தான்.

முதல் மருந்து பெட்டிக்கடையில் தொங்கும் ஃபெவிக்விக். முன் சக்கரங்களைக் கழற்றி, டயரின் வெளி ஓரச்சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். சக்கரத்தை ஒரு பென்சிலில் மாட்டி மெல்லச் சுற்றிக்கொண்டே, ரிம் விளிம்பிலிருந்து டயரின் தோள் வரை மெல்லிய பூச்சாகப் பசையை ஓட விடுங்கள். காய்ந்த பின் இன்னொரு கை. இந்தப் பசை காற்றில் இருக்கும் ஈரத்தை வைத்துத்தான் இறுகும். கடலூர், பாண்டிக் காற்றுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரச்சுவர் கெட்டியாகி விட்டால் கவ்வுவதற்குப் பதிலாகச் சறுக்கும். புகை கண்ணைக் கரிக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்து செய்யுங்கள்.

தோளைத் தாண்டித் தரையைத் தொடும் பரப்புக்குப் பசை போய்விடக் கூடாது. நெல்லித்தோப்பில் ஒரு மண்டபத்தில் நான் அவசரத்தில் அதைத்தான் செய்தேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் வண்டி நேராகவே ஓடிப் பலகையில் முட்டி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒடிந்தது. விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டது தனிக் கதை. வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்துப் பிரித்தார்கள், திட்டிக்கொண்டே.

அப்புறம் தரைக்கும் வண்டியின் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் உயரம். வெளித்தரையில் 6, 7 மில்லிமீட்டர் வைத்திருப்பீர்கள். கார்ப்பெட்டுக்கு 5 முதல் 5.5 போதும். முன் ஸ்பிரிங்கை ஒரு படி கெட்டியாக்குங்கள், அல்லது வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்குங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். டயருக்குச் சாஸ் (பிடியைக் கூட்டும் திரவம்) தடவுகிற பழக்கம் இருந்தால், முன் டயரில் உள்பக்கப் பாதிக்கு மட்டும் தடவுங்கள். பின் சக்கரங்களின் முன்முனை 3 டிகிரி உள்நோக்கித் திரும்பியிருக்கும், அந்த டோ-இன்னில் கை வைக்க வேண்டாம். பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பது அதனால்தான்.

வாசகர், நெய்வேலி: இடது வளைவில் கார் அருமையாகத் திரும்புகிறது, வலது வளைவில் பின்பக்கம் வீசுகிறது. சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, ரிமோட்டில் நேர் ஓட்டத்தைச் சரிசெய்யும் ட்ரிம் எல்லாம் பார்த்துவிட்டேன்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முறுகியிருக்கும். ஒரு முட்டலுக்கே இது போதும். நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் எப்படி ஆடும்? அதே சங்கதி.

கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனில், கார் நிற்கும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். சமையல் மேடைக் கடப்பாக் கல்லில் வைத்துப் பார்க்கலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது பார்வைக்குத்தான் சமதளம். பேட்டரியோடு காரைக் கண்ணாடி மேல் நிறுத்தி, மூக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள், ஷாக்குகள் (ஸ்பிரிங் மாட்டிய அதிர்வு தாங்கிகள்) தத்தம் நிலைக்கு வரட்டும். பிறகு முன்பக்கத்தின் மிகச் சரியான நடுவில் ஒரு கத்தி முனையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக எழுந்தால் பரவாயில்லை. இடது முதலில் எழுந்தால், பின் இடது ஸ்பிரிங் அதிகமாக உந்துகிறது என்று அர்த்தம்.

உடனே ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் காலர் வளையத்தைத் திருகாதீர்கள். முதலில் சேஸிஸின் மேல்தட்டில் உள்ள ஸ்க்ரூக்களை எல்லாம் அரைச் சுற்று தளர்த்தி, சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சேஸிஸைக் கண்ணாடியில் கையால் படிய அழுத்தி, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். நான்கு ஷாக்கின் நீளத்தையும் அளந்து பாருங்கள். என்னிடம் வந்த வண்டிகளில் முக்கால்வாசி இதிலேயே சரியாகிவிட்டது. அதற்கும் அடங்காவிட்டால் பின் இடது காலரைக் கொஞ்சம் தளர்த்தி, அதே அளவு பின் வலதை இறுக்குங்கள். பிறகு மறுபடி கத்தி.

இல்லத்தரசி, லாஸ்பேட்டை, புதுச்சேரி: பத்தாவது படிக்கும் மகன் ரேஸ் கார் வேண்டும் என்று உயிரை வாங்குகிறான். எதை வாங்குவது?

பரீட்சை முடியட்டும் என்று சொல்லிப் பாருங்கள் அம்மா. முடிந்த பிறகும் கேட்டால் டமியா நிறுவனத்தின் டிடி-02 (TT-02) வாங்குங்கள். பெல்ட் கிடையாது, நடுவில் ஒரே தண்டு நான்கு சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும். அடித்தாலும் தாங்கும். அவனே ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பூட்ட வேண்டிய வண்டி அது. நான் அதைச் சொல்வதற்குப் பாதிக் காரணமே இதுதான். ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனிச்செலவு, அதையும் கணக்கில் வையுங்கள். மிச்சம் காசிருந்தால் முதலில் பால் பேரிங். மினுமினுக்கும் அலுமினிய உதிரிகள் ஒன்றும் வேண்டாம்.

அதே வாசகி: இந்தக் கார்களுக்குப் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடிக்கும் என்கிறார்களே?

ஒழுங்காக வைத்திருந்தால் பயமில்லை. இரண்டு செல் பேட்டரி முழுசாக ஏறினால் 8.4 வோல்ட். அதற்கென்று உள்ள, செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில், கண்முன்னே மட்டும் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். சப்பாத்தி போல உப்பியிருந்தால் அன்றோடு அதற்கு ஓய்வு. மே மாதத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது.

வாசகர், முத்தியால்பேட்டை: பந்தல்காரரிடம் கிடைக்கும் சிவப்புக் கம்பளத்தையே விரித்து ஓட்டலாமா?

ஓட்டலாம், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மெல்லிய ரகம் சுருண்டுகொள்ளும். அதனால் கெட்டியான ஃபெல்ட் ரகமாகக் கேளுங்கள், இணைப்புகளில் அடியிலிருந்து இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள். முந்தின நாள் முகூர்த்தம் நடந்த மண்டபம் என்றால் ஒருவர் முழங்காலிட்டுத் தேடியே ஆக வேண்டும். குண்டூசி, ஊக்கு, அட்சதை அரிசி எல்லாம் நாருக்குள் ஒளிந்திருக்கும். போன தடவை என் வண்டி மூன்றாவது சுற்றில் முனகிக்கொண்டே நின்றது. மோட்டார் போச்சு என்று நினைத்துக் கழற்றினேன். மல்லிகைச் சரத்தின் வாழைநார் பின் ஆக்சிலில் இறுக்கிச் சுற்றியிருந்தது. எடுக்க, கம்பளத்தில் பொறுக்கிய ஊக்குதான் உதவியது.