இங்கிலாந்தில் வாடகைக் கார்: கவுண்ட்டரில் விற்கும் காப்பீட்டை வாங்க வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் வரும் ஜூன் மாதம் இங்கிலாந்து செல்கிறோம். பாத் நகரில் கார் எடுத்து, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களைப் பார்த்துவிட்டு, டோர்செட் கடற்கரை வழியாக டெவன், கார்ன்வால் வரை பத்து நாள் போய்வர எண்ணம். இணையத்தில் வாடகை மலிவாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் 'எக்செஸ் 1,200 பவுண்டு' என்று இருக்கிறது. கவுண்ட்டரில் கூடுதல் காப்பீடு எடுக்கும்படி வற்புறுத்துவார்கள் என்று, அங்கு போய்வந்த உறவினர் சொல்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? சர்வதேச ஓட்டுநர் உரிமம் தேவையா?
– வாசகி, கோவை

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் எந்த ஏற்பாடும் இல்லாமல் டெவன், கார்ன்வால் சாலைகளில் வாடகை வண்டி ஓட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு அந்நாட்டின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி கட்டாயம் என்பதால், அது வாடகையிலேயே அடங்கியிருக்கும். நீங்கள் எடுக்கும் வண்டிக்கே சேதம் ஏற்பட்டால் அதற்கும் பெரும்பாலும் அடிப்படைப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதில் முதல் பங்கு உங்களுடையது. அந்தப் பங்கின் உச்சவரம்புதான் எக்செஸ். உங்கள் ஒப்பந்தப்படி 300 பவுண்டு சேதம் என்றால் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும்; 4,000 பவுண்டு சேதம் என்றால் 1,200 மட்டும் உங்கள் பொறுப்பு. டயர், சக்கர வளையம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தொலைந்த சாவி, பெட்ரோல் வண்டியில் டீசல் நிரப்பியது போன்றவை பல ஒப்பந்தங்களில் இந்த வரம்புக்கும் வெளியே நிற்கும்; அவற்றின் செலவு முழுவதும் உங்களுடையது. 'விலக்குகள்' என்ற பகுதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

கவுண்ட்டரில் விற்கப்படுவது இந்த எக்செஸைப் பூஜ்யமாகவோ சிறு தொகையாகவோ குறைக்கும் திட்டம். அதற்கு நாள் கணக்கில் கட்டணம் என்பதால், பத்து நாளைக்குக் கூட்டிப் பார்த்தால் வண்டி வாடகைக்கு நிகராகவே வந்து நிற்கலாம். இதே வேலையைச் செய்யும் தனிக் காப்பீட்டைப் புறப்படும் முன்பே வேறு காப்பீட்டு நிறுவனங்களிடம் இணையத்தில் வாங்க முடியும். விலை பெரும்பாலும் வெகுவாகக் குறையும், டயரும் கண்ணாடியும் பலவற்றில் சேர்ந்தே இருக்கும். ஆனால் பிரிட்டனில் விற்கப்படும் இத்தகைய பாலிசிகள் பலவும் அங்கேயே வசிப்பவர்களுக்கு மட்டுமானவை. எனவே இந்தியாவில் வசிப்பவரை ஏற்பார்களா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலும் இது பின்னால் ஈடுசெய்யும் காப்பீடு: சேதம் ஏற்பட்டால் கார் நிறுவனம் முதலில் உங்கள் கார்டிலிருந்து தொகையைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் ரசீதுகளைக் கொடுத்துப் பிறகு திரும்பப் பெற வேண்டும். அந்தத் தொகையைத் தாங்கும் கடன் வரம்பு கார்டில் இல்லையென்றால், கவுண்ட்டர் திட்டத்தை எடுப்பதே சரி. அதற்கும் முன்பாக, நீங்கள் இங்கே எடுக்கும் வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் வாடகை வண்டிக்கான எக்செஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; சில திட்டங்களில் இருக்கிறது.

உங்கள் பாதைக்கு ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், கார்ன்வாலின் கிராமச் சாலைகள் பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பசுமையாகத் தெரிவது வெறும் வேலி அன்று. மண் நிரப்பி எழுப்பிய கற்சுவரின் மேல் புல்லும் பூச்செடிகளும் மண்டியிருக்கும். எதிரே டிராக்டர் வந்தால், கடைசியாகக் கடந்த ஒதுங்குமிடம் வரை பின்னோக்கி ஓட்டிப் போக வேண்டியிருக்கும். பக்கக் கண்ணாடியும் இடப்புறச் சக்கர வளையமும் கல்லில் உரசுவது அப்போதுதான். ஆகவே, பெரிய வண்டிக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றாலும் மறுத்துவிட்டு, இருவருக்குப் போதுமான சிறிய வண்டியையே கேட்டு வாங்குங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள்.

உரிமத்தைப் பொறுத்தவரை, செல்லுபடியாகும் இந்திய உரிமத்தைக் கொண்டு கிரேட் பிரிட்டனில் 12 மாதம் வரை கார் ஓட்டலாம். சட்டம் சர்வதேச உரிமம் கேட்பதில்லை. சில நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையாகக் கேட்பதுண்டு என்பதால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். நீங்களும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டாம் ஓட்டுநராகப் பெயரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் ஒப்பந்தப் பாதுகாப்பு கைகொடுக்காது.

முன்பணத்திற்கு (டெபாசிட்) பெரும்பாலும் முதன்மை ஓட்டுநரின் பெயரிலுள்ள கிரெடிட் கார்டைத்தான் கேட்பார்கள். ஃபோரெக்ஸ் கார்டை நம்பிப் போக வேண்டாம். உங்கள் வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயா, பவுண்டா என்று கேட்டால் பவுண்டையே தேர்வு செய்யுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் நட்டம்.

விளம்பர விலை பற்றி: தவிர்க்க முடியாத கட்டணங்கள் அனைத்தையும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்பது பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல் சட்டம். கூடுதல் காப்பீடு விருப்பத்திற்குரியது என்பதால் அதில் சேராது. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் அந்நாட்டு உரிமையும் குறிப்பிட்ட தேதிக்கான வாடகைக் காருக்கும் விடுதி அறைக்கும் பொருந்தாது. ஆகையால் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதி உள்ள பதிவையே எடுங்கள்.

கேள்வி: ஸ்டோன்ஹெஞ்ச், டின்டாஜெல், கார்ஃப் கோட்டை எல்லாம் பார்க்க ஒரே பாஸ் போதுமா? கார் நிறுத்தும் செலவும் அதில் அடங்குமா?
– அதே வாசகி

பதில்: ஒரே பாஸ் போதாது. ஸ்டோன்ஹெஞ்சும் டின்டாஜெலும் வரலாற்றுச் சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் உள்ளவை. வெளிநாட்டினருக்கென அவர்கள் 9 நாள், 16 நாள் பாஸ்களை விற்கிறார்கள். கார்ஃப் கோட்டையும் லேகாக் மடமும் நேஷனல் டிரஸ்ட் என்ற வேறொரு பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவை. பாத் நகரின் ரோமானியக் குளியல் மாளிகையை உள்ளூர் மன்றம் நடத்துவதால் அங்கே இவ்விரு அமைப்புகளின் அட்டைகளும் செல்லாது. போகப்போகும் இடங்களின் தனி நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, பாஸ் விலையை அது தாண்டினால் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் பயணத்தில் கடற்கரைகளே அதிகம் என்பதால், நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை நுழைவுக் கட்டணத்தை விடக் கார் நிறுத்தத்தில்தான் பயன் தரும். டெவன், கார்ன்வால் கடலோரத்தில் அவர்களுடைய நிறுத்துமிடங்கள் நிறைய உண்டு, உறுப்பினருக்கு இலவசம். டர்டில் டோர் பாறை வளைவுக்கான நிறுத்துமிடம் தனியார் எஸ்டேட்டுடையது. அங்கே இந்த அட்டை உதவாது. செயின்ட் ஐவ்ஸ் ஊருக்குள் காரைக் கொண்டு போகாமல் செயின்ட் எர்த் நிலையத்தில் விட்டுவிட்டு, கடலை ஒட்டிச் செல்லும் கிளை ரயிலில் போவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது. டெவனின் கடலோரக் கிராமமான க்ளவெல்லியில் கார் ஊருக்குள் நுழையவே முடியாது. நுழைவுச் சீட்டிலேயே நிறுத்தக் கட்டணமும் அடங்கும்.

கேள்வி: சென்ற மாதம் நாங்கள் இருவரும் இங்கிலாந்து போய்த் திரும்பினோம். வந்த பிறகு கார் நிறுவனம் என் கார்டிலிருந்து இரண்டு தொகைகளைப் பிடித்துள்ளது: ஒன்று 'நிர்வாகக் கட்டணம்', மற்றது 'சக்கர வளையச் சேதம்'. வண்டியை ஒப்படைத்தபோது எதுவும் சொல்லவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டையும் தனித்தனியாக அணுகுங்கள். வேகக் கேமராவிலோ நிறுத்துமிடத்திலோ வண்டி சிக்கினால், அறிவிப்பு முதலில் வண்டியின் பதிவு உரிமையாளரான நிறுவனத்துக்குப் போகும். உங்கள் பெயரைத் தெரிவித்ததற்கான கூலிதான் நிர்வாகக் கட்டணம். உண்மையான அபராதம் தனியே வரும். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபர்ட் கடவையைப் பகலில் கடந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்: அங்கே சுங்கச்சாவடியே கிடையாது, கடவைக் கட்டணத்தை மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ கட்ட வேண்டும். எந்த நாள், எந்த இடம், எந்த மீறல் என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். நகராட்சி விதிக்கும் நிறுத்த அபராதத்தை 14 நாளில் கட்டினால் பாதிதான். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நிர்வாகக் கட்டணத்தை மீட்பது கடினம்.

சக்கர வளையச் சேதத்தை எதிர்க்க இடம் இருக்கிறது. வண்டி எடுத்தபோதும் திரும்பக் கொடுத்தபோதும் நிரப்பிய சோதனைப் படிவங்கள், தேதியுள்ள படங்கள், பழுது மதிப்பீடு ஆகியவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். அலுவலகம் மூடிய பின் சாவியைப் பெட்டியில் போட்டு வந்திருந்தால், மறுநாள் அவர்கள் சோதிக்கும் வரை வண்டி உங்கள் பொறுப்பு என்றே பல ஒப்பந்தங்கள் சொல்லும் என்பதையும் கவனியுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்த நிறுவனம் பி.வி.ஆர்.எல்.ஏ. என்னும் வாடகை வண்டித் துறைச் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பினரானால் அச்சங்கத்தின் சமரசப் பிரிவுக்கு முறையீடு அனுப்பலாம்.

அதற்கு இணையாக, உங்கள் வங்கியில் கார்டு பரிவர்த்தனை தகராறையும் உடனே பதியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. கிரெடிட் கார்டு நிறுவனத்தையே பொறுப்பாக்கும் பிரிட்டன் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அந்நாட்டுக் கார்டுகளுக்கானது. உங்கள் இந்தியக் கார்டுக்கு அதை மேற்கோள் காட்டிப் பயனில்லை. வங்கி 30 நாளில் பதில் தரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். அவர் விசாரிப்பது வங்கியின் சேவைக் குறையைத்தான், கார் நிறுவனத்தை அல்ல. எனவே வங்கிக்கு நீங்கள் அனுப்பிய கடிதங்களின் நகலும் தேதிகளும் அந்த மனுவில் இருக்க வேண்டும்.